பெட்டி நம்முடையது, அது பேசும் முகவரி யாருடையது?

நேற்று ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில், மோட்டாரும் மின்சாரமும் ஓடும் கணக்கை அளந்து அனுப்பும் பதினான்கு சென்சார் பெட்டிகளைக் கழற்றிவிட்டு வந்தேன். ஒன்றிலும் பழுதில்லை. கரண்ட் வருகிறது, சிம்மில் சிக்னல் இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஆனால் அவை தகவல் அனுப்பிக்கொண்டிருந்த கிளவுட் சேவையை, அதாவது இணையம் வழியே ரீடிங்கைச் சேமித்துக் காட்டும் சேவையை, அதை நடத்திய நிறுவனம் நிறுத்திவிட்டது. ஒரே ஒரு மின்னஞ்சல், அறுபது நாள் அவகாசம், அதுவும் கிழங்கு சீசன் நடுவில்.

"மூணு வருசக் கணக்கு தம்பி. ஒரு மூட்டைக்கு எத்தனை யூனிட் ஓடுதுன்னு அதுலதான் பார்த்துட்டிருந்தேன்" என்றார் ஆலைக்காரர். திரும்பக் கிடைத்தவை மாதவாரி பிடிஎஃப் தாள்கள் மட்டும். எனக்கு அண்ணன் மாதிரி அவர். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் பதினெட்டு வருடமாக பேனல் போர்டு வேலை பார்க்கிறேன். கிளவுட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. போர்வெல் மோட்டார் எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, பயோகேஸ் அழுத்தம் எவ்வளவு, டிமாண்ட் (ஆலை மொத்தமாக இழுக்கும் மின்சுமை) எந்த நேரத்தில் ஏறுகிறது என்பதெல்லாம் முன்பு வாட்ச்மேன் நோட்டில் இருந்தது, பாதி நாள் எழுதாமலே போகும். ஹெச்.டி. (உயரழுத்த) இணைப்பில் டிமாண்டுக்குத் தனிக் கட்டணம். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொண்டாலே பில்லில் தெரியும். அந்த அண்ணன் அப்படித்தான் ஷிப்டையே மாற்றி அமைத்தார். பயன் உண்மை, அதனால்தான் இழப்பு வலிக்கிறது.

அந்தப் பெட்டிகளை வேறு சர்வரோடு இணைக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. பேச வேண்டிய சர்வரின் முகவரி, பெட்டியை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்து பூட்டியிருக்கிறது, சாவி நிறுவனத்திடம். இத்தனைக்கும் அவை பேசும் மொழி எல்லோருக்கும் பொதுவானது. எம்க்யூடிடி என்ற அந்த முறையை 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் உருவாக்கியது, எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க. இணைப்புக்குச் செலவு அதிகம், ஆகவே செய்தி மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியும் இணையும்போதே ஒரு கடைசிச் செய்தியைச் சர்வரிடம் ஒப்படைத்து வைக்கும். திடீரென்று இணைப்பு அறுந்தால் சர்வர் அதை மற்றவர்களுக்குச் சொல்லும். கருவி செத்தால் தெரிந்துகொள்ள வழி வைத்தார்கள். சர்வரே செத்தால் என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

இது சின்னக் கம்பெனிகளின் கதை என்றும் நினைக்க வேண்டாம். இப்படிக் கருவிகளை இணையத்தில் இணைக்கும் (ஐஓடி) தன் ஐஓடி கோர் சேவையை கூகுள் 2023 ஆகஸ்டில் மூடியது. ஐபிஎம்மின் வாட்சன் ஐஓடி தளம் அதே ஆண்டு டிசம்பரில் நின்றது. கூகுள் ஒரு வருடம் முன்கூட்டியே சொன்னது. நம்மைப் போன்றவர்களுக்கு அறுபது நாள்.

அதனால் இனி யார் கேட்டாலும் ஒன்றை அடித்துச் சொல்கிறேன்: ரீடிங்கைக் காட்டும் திரையான டாஷ்போர்டின் அழகைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். முகவரியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் ஒரு டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, அதையே பெட்டியில் போடச் சொல்லுங்கள், பின்னால் சர்வர் மாறினாலும் பெட்டியைத் தொட வேண்டியதில்லை. பெட்டிகளின் ரீடிங்கை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வேயின் பாஸ்வேர்டு உங்கள் கையில் இருக்கட்டும். தினசரி ரீடிங் முழுவதும் எக்செலில் திறக்கிற மாதிரி உங்கள் கணினிக்கும் வரவேண்டும். மோட்டாரை நிறுத்தும் வேலையை மட்டும் கிளவுடிடம் கொடுக்கவே கூடாது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் நிறுத்தும் டிரை ரன் ரிலே பேனலுக்குள்தான் இருக்க வேண்டும். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் பம்ப் ஹவுசுக்கு வேலை செய்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பலத்த மழை, மூன்று மணி நேரம் சிக்னல் இல்லை. கிணற்றில் தண்ணீர் இறங்கியதும் ரிலே தானாகவே மோட்டாரை நிறுத்தியது. கேட்வே ரீடிங்கைச் சேர்த்து வைத்திருந்து, சிக்னல் வந்ததும் அனுப்பியது. ஒரு வரிகூட விடுபடவில்லை.

சொந்தமாகச் சர்வர் வைத்தால் யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. செய்திகளை வாங்கி அனுப்பும் மொஸ்கிட்டோ, ரீடிங்கைச் சேமித்துக் காட்டும் திங்ஸ்போர்டு ஆகிய இரண்டு மென்பொருளுக்கும் ஓப்பன் சோர்ஸ் பதிப்பு இருக்கிறது, காசு கொடுக்க வேண்டாம். ஆனால் பேக்கப், பாதுகாப்பு அப்டேட் இவற்றுக்கு ஆள் வேண்டும், தனி ஆலைக்குக் கட்டாது. எனக்குத் தோன்றும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது. ஜவ்வரிசியை வைக்கக் கிடங்கும் விற்க வழியும் தனித்தனியாகத் தேடி அலைந்தவர்கள் 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்தார்கள். மூட்டைக்குப் பொதுக் கிடங்கு வைக்க முடிந்த ஊரில் ரீடிங்குக்குப் பொதுச் சர்வர் வைக்க முடியாதா? பத்து ஆலை சேர்ந்தால் ஒரு பையனுக்கு நல்ல சம்பளமே கொடுக்கலாம்.

அந்த அண்ணன் ஆலையில் அடுத்த வாரம் புதுப் பெட்டி மாட்டுகிறேன், முகவரி அவர் பெயரில். இதுவரை மூன்று ஆலைக்காரர்கள் சேர்ந்து செய்யலாம் என்றிருக்கிறார்கள். ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி பக்கம் இருப்பவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். இப்போது ஓடும் சேவையின் ஒப்பந்தத் தாளையும் அனுப்புங்கள். சேவை நின்றால் உங்கள் ரீடிங் யாருக்கு என்று அதில் எழுதியிருக்கிறதா, முதலில் அதைச் சேர்ந்து படிப்போம்.