லக்சம்பர்க்கில் பாதித் தொழிலாளர்களுக்கு நாடளவில் இருப்பது ஒரே ஓட்டு

லக்சம்பர்க்கில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்த நாட்டில் குடியிருப்பவர்களே இல்லை. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிப் போகிறார்கள். பிரான்ஸின் தியோன்வில் பக்கமிருந்து வரும் காலை ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைப்பது கஷ்டம். வங்கி, ஆஸ்பத்திரி, கட்டட வேலை, துப்புரவு எல்லாமே இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் இவர்களுக்கு ஓட்டு கிடையாது. உள்ளேயே குடியிருக்கும் வெளிநாட்டவருக்காவது கொடுக்கலாமா என்று 2015-இல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 78 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

நாடளவில் இவர்களுக்கு ஓட்டு இருப்பது, தொழிலாளர்கள் சார்பில் பேசும் தொழிலாளர் சபைக்கான தேர்தலில் மட்டும்தான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை, 60 இடங்களுக்கு நடக்கிறது. எந்த நாட்டுக்காரர், எங்கே குடியிருக்கிறார் என்ற கேள்வியே இல்லை. ஓட்டுச்சீட்டு தபாலில் வீடு தேடி வரும். இதில் வாங்கும் ஓட்டை வைத்துத்தான் ஒரு சங்கம் நாடளவில் பிரதிநிதித்துவம் உள்ளதா என்பது முடிவாகிறது. அந்தத் தகுதி உள்ள சங்கங்கள்தான் அரசோடும் முதலாளிகளோடும் முத்தரப்புப் பேச்சுவார்த்தையில் உட்காருகின்றன.

அந்த மேசை சும்மா வந்ததல்ல. எழுபதுகளில் எஃகுத் தொழில் சரிந்தபோது, 1977-இல் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஆர்பெட் என்ற எஃகு நிறுவனத்தின் ஆலைகளில் மிதமிஞ்சிப்போன ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல், சம்பளத்தோடு வைத்து வேறு பணிகளில் ஈடுபடுத்தினார்கள். விலைவாசி 2.5 சதவீதம் ஏறினால் எல்லோர் சம்பளமும் அதே அளவு ஏற வேண்டும் என்ற சட்டமும் இன்றுவரை நிற்கிறது. 2022-இல் அப்படி ஏற வேண்டிய ஒரு தவணையைத் தள்ளிப்போட்டபோது, ஓஜிபிஎல் என்ற தொழிற்சங்கம் அந்த முத்தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அதனால்தான் 2024 அக்டோபரில் நடந்தது எனக்கு ஆத்திரமூட்டியது. சங்கங்கள் முதலாளிகளோடு போடும் கூட்டு ஒப்பந்தங்கள் 80 சதவீதத் தொழிலாளர்களையாவது எட்டவில்லை என்றால் அதற்கொரு திட்டம் வேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியம். லக்சம்பர்க்கில் அது 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. அதற்கு அரசு முன்வைத்த வழி, சங்கத்தில் இல்லாத ஊழியர் பிரதிநிதிகளும் ஒப்பந்தம் போடலாம் என்பது! இருபது பேர் வேலை செய்யும் கடையில், பின்னால் யாருமில்லாத ஒருவர் முதலாளி எதிரே தனியாக உட்கார்ந்து என்ன பேரம் பேச முடியும்? தபாலில் போட்ட ஓட்டுக்கும்தான் அப்புறம் என்ன மதிப்பு?

சங்கங்கள் பேச்சுவார்த்தையை விட்டு வெளியேறின. ஓய்வூதியம், ஞாயிற்றுக்கிழமை வேலை பற்றிய கோபமும் சேர்ந்து, 2025 ஜூன் 28 அன்று தலைநகரத் தெருக்கள் நிரம்பின. அரசு இறங்கி வந்தது. ஒப்பந்தம் போடும் உரிமை சங்கங்களிடமே இருக்கிறது.

ஆனால் அந்த 80 சதவீதக் கேள்வி அப்படியே நிற்கிறது. துப்புரவிலும் காவல் பணியிலும் துறை முழுவதையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்கள் ஏற்கெனவே உண்டு. ஹோட்டல், உணவகத் துறையில் அது இல்லை. அரசு தொடங்க வேண்டியது அங்கேதான்.