ஆள் வந்தால்தான் லிஃப்டா?

சென்னையின் கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயில் தடத்தில், கூட்டம் குறைந்த ஒரு நிலையத்தில்தான் நான் தினமும் ஏறி இறங்குகிறேன். அங்கே எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "இங்கே ஆளே வருவதில்லை, இதற்கு எப்படி நிதி கேட்பது?" கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது. ஆள் எப்படி ஐயா வருவார்கள்?

நகரும் படிக்கட்டின் குறுக்கே கட்டிய கயிறு அழுக்கேறிக் கறுத்துவிட்டது. லிஃப்ட் கதவில் ஒட்டிய தாளில் 'பழுது' என்ற எழுத்தே வெளுத்துவிட்டது. பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும் முதியவர்களைத் தாண்டித்தான் நாங்கள் எல்லோரும் மேலே ஓடுகிறோம். கடைகளுக்கென்று கட்டிய பரந்த தளம் முழுக்கப் புறா எச்சம். இருட்டிய பிறகு அதைக் கடந்து தனியாக வர எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ போய்விடுகிறார்கள். பயணிகள் கணக்கு இன்னும் சரிகிறது. அந்தக் கணக்கைக் காட்டியே அடுத்த கோரிக்கையும் தள்ளுபடி ஆகிறது.

ரயில்வே விதியே அப்படி. 2017இல் ரயில் நிலையங்களை மறுபடி வகைப்படுத்தியபோது, புறநகர் நிலையங்களை எஸ்ஜி-1, 2, 3 என்று மூன்று வகையாகப் பிரித்தார்கள். வகையைப் பார்த்துத்தான் வசதி. அளவுகோல் வருமானமும் பயணிகள் எண்ணிக்கையும். குறைந்தபட்ச டிக்கெட்டே 5 ரூபாய் என்னும்போது, ஒரு சின்ன நிலையம் எந்தக் காலத்தில் வருமானம் காட்டி மேலே வரும்? கட்டணம் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். அதை நிலையத்தின் குற்றமாக்காதீர்கள். நிலையங்களை மேம்படுத்தும் அம்ருத் பாரத் திட்டத்தில் கிண்டி, மாம்பலம், பரங்கிமலை, அம்பத்தூரெல்லாம் இடம்பிடித்தன. கூட்டம் உள்ள இடத்துக்குச் செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? மற்றவர்களுக்கு எப்போது?

இந்தத் தடத்துக்கு இன்னொரு சாபமும் உண்டு. திருமயிலையிலிருந்து வேளச்சேரி வரையிலான இரண்டாம் கட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்குப் பணம் மாநில அரசுடையது, மீதி ரயில்வேயுடையது. 2007இல் ரயிலும் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு, தடத்தை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பேச்சு பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்தது. வீட்டைக் காலி செய்யப் போகிறவர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பாரா? வாங்கப் போகிறவரும் கைக்கு வராத வீட்டுக்குச் செலவு செய்ய மாட்டார். நடுவில் மாட்டிக்கொண்டு படியேறுவது நாங்கள்.

பணம் போட ஒரு பெரிய கை இருந்தால் கதையே வேறு. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் இருந்தும் ரயில் நிலையம் இல்லை. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. 20 கோடி ரூபாய் கட்டித்தான் வேலை நடந்தது. எங்கள் தடத்தில் இருக்கிற கோட்டூர்புரத்துக்கும் பசுமைவழிச் சாலைக்கும் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கும் யார் கட்டுவார்கள்?

எனக்கு ஆத்திரம் வருவதெல்லாம் இதை நினைத்தால்தான்: புது லிஃப்ட் வாங்கக்கூட எப்படியாவது பணம் வந்துவிடும், திறப்பு விழா நடத்தலாம், படம் எடுக்கலாம். ஆனால் அது ஓடுவதற்கு மின்கட்டணம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், இரவுக் காவலாளி சம்பளம் எல்லாம் வருடாவருடம் வேண்டும். இதற்கு எந்த விழாவும் இல்லை. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

பயணிகளை எண்ணுகிறீர்களே, நிலையத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களையும் எண்ணுங்கள். முழங்கால் வலியால் ரயிலையே விட்டவர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேளுங்கள். அதை வைத்து நிதி ஒதுக்குங்கள். ஒப்படைப்பு முழுதாக முடிகிற நாள்வரை ஒவ்வொரு நிலையத்தின் லிஃப்டுக்கும் விளக்குக்கும் காவலுக்கும் எந்த அரசின், எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்று எழுதி நிலைய வாசலில் ஒட்டுங்கள். இந்த மாதமே ஒட்டுங்கள்.