பட்டினி கிடந்தவனுக்குச் சிலை இருக்கிறது. பட்டினி போட்டவன் எங்கே?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையோரம், கஸ்டம் ஹவுஸ் கீ என்ற படகுத்துறையில் அந்தச் சிலைகள் நிற்கின்றன. எலும்பும் தோலுமாக, கந்தல் துணியில், கையில் மூட்டையோடு கப்பலைப் பார்த்து நடக்கிற வெண்கல மனிதர்கள். ஒருவன் தோளில் துவண்டு கிடக்கும் குழந்தை, பின்னால் ஒரு நாய். அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின் நினைவாகச் சிற்பி ரோவன் கில்லெஸ்பி செய்தது, 1997இல் வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வங்கிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். சுற்றுலா வருகிறவர்கள் சிலைகளின் தோளில் கை போட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. என் மனத்தாங்கல் சிலைகள் மேலேயே.

1845இல் அயர்லாந்து ஏழைகளின் சோறாக இருந்த உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு வருஷத்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் கூடுதலானவர்கள் கப்பல் ஏறினார்கள். 1841இல் 80 லட்சத்தைத் தாண்டியிருந்த அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை இன்னும் அந்த எண்ணைத் தொடவில்லை. இவ்வளவு பெரிய சாவைப் பற்றி அந்த நாடு வெகுகாலம் வாயே திறக்கவில்லை. 150ஆம் ஆண்டு வந்தபோதுதான் நினைவுச் சின்னங்கள் வரிசையாக எழுந்தன. மேற்கு அயர்லாந்தின் மேயோவில் மலையடிவாரத்தில் ஜான் பெஹன் செய்த கப்பல் ஒன்று, பாய்மரக் கயிறுகளுக்குப் பதில் எலும்புக்கூடுகள். கனடாவின் டொராண்டோ ஏரிக்கரையில் பிற்பாடு அதே கில்லெஸ்பியின் இன்னொரு கூட்டம், இவர்கள் வந்து இறங்கியவர்கள். எல்லாம் நல்ல வேலைப்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப ஒட்டிய வயிறு, குழி விழுந்த கண். பார்க்கிறவன் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு காபி குடிக்கப் போய்விடலாம். யார் செய்தார்கள், எந்தச் சட்டத்தால் நடந்தது என்று அந்த வெண்கலம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஏதோ புயலடித்து ஓய்ந்த மாதிரி நிற்கிறது.

என் மனசுக்கு நெருக்கமானது நியூயார்க்கில் பிரையன் டோல் 2002இல் செய்தது. மன்ஹாட்டனின் வானுயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அரை ஏக்கரில் ஒரு மேட்டுநிலம். மேயோவிலிருந்து ஒரு பாழடைந்த கல்வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அயர்லாந்தின் 32 மாவட்டங்களிலிருந்தும் கற்கள், கன்னாட் பகுதியின் செடிகொடிகள். ஒரு மனித உருவம்கூடக் கிடையாது. வீட்டுக்குக் கூரையும் இல்லை. வாடகை கட்டாத குடியானவனை வெளியேற்றினால் அவன் திரும்பி வந்து ஒண்டக்கூடாது என்று கூரையைப் பிடுங்குவது அன்றைய வழக்கம்.

அதற்குள் கால் ஏக்கர் என்ற அளவும் ஒளிந்திருக்கிறது. 1847இல் ஒரு சட்டப் பிரிவு வந்தது: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு அரசு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமானால் நிலத்தை விட்டுக் கொடு. விட்டுக் கொடுத்தால் அடுத்த வருஷம் எங்கே விதைப்பது? கப்பல்தான். லட்சக்கணக்கானவர்களைத் துறைமுகத்துக்குத் தள்ளியதில் பயிர் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அந்தக் கால் ஏக்கருக்கும் பங்கு உண்டு. டோல் அதை உங்கள் காலடியில் போட்டு நடக்க வைக்கிறார். கில்லெஸ்பியிடம் நான் தேடிக் கிடைக்காதது இதுதான்.

அந்தப் பிரிவைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி, அப்போது டப்ளின் எம்.பி., கால்வேயில் பெரிய நிலக்கிழார் குடும்பம். (டப்ளின் ஆபி தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவரான லேடி கிரெகரி பிற்பாடு இவரைக் கட்டிக்கொண்டவர். இலக்கிய வாசகர்களுக்கு மனைவியைத் தெரியும், கணவனைத் தெரியாது.) பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நுவரெலியாவில் படகு விடுகிற கிரெகரி ஏரி இவர் பெயர்தான். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகத்தை ஏற்படுத்தியவர், அதன் வாசலில் சிலையாக நிற்பவரும் அவரே. அவருடைய சட்டத்தால் நிலம் போனவர்கள் டப்ளினில் கந்தலோடு நிற்கிறார்கள். அவர் கொழும்பில் கம்பீரமாக நிற்கிறார். இந்த இரண்டு சிலைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் கதை முழுசாகிறது.

அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து இறுக்கிப் பிடித்த சார்லஸ் ட்ரெவெல்யன் 1859இல் சென்னை கவர்னராக வந்தார். நம்மூரில் பீப்பிள்ஸ் பார்க்கைக் கொடுத்த நல்லவர் என்று பெயர். அயர்லாந்து ரசிகர்கள் விளையாட்டு மைதானங்களில் பாடுகிற பாட்டில் அவர் பெயர் வேறு மாதிரி ஒலிக்கும்.

ஐரிஷ் நினைவுக் கலையில் எனக்குப் பிடித்த இன்னொன்று கார்க் மாவட்டம் மிடில்டனில் இருக்கிறது. அலெக்ஸ் பென்டெக் செய்த ஒன்பது எஃகு இறகுகள், ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் உயரம், சேர்ந்து நிற்கும்போது ஒரு வெறும் கிண்ணம் போலத் தெரியும். சொந்த மண்ணிலிருந்து அமெரிக்க அரசு விரட்டியடித்த சாக்டா பழங்குடியினர், 1847இல் தங்களுக்குள் 170 டாலர் திரட்டி முன்பின் தெரியாத ஐரிஷ்காரர்களுக்கு அனுப்பினார்கள். அதற்கான நன்றி இது. 2020இல் கொரோனா அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ, ஹோப்பி மக்களை வாட்டியபோது, சாக்டாக்கள் செய்ததை நினைத்து அயர்லாந்திலிருந்து பணம் குவிந்தது. கண்ணீர் வரவழைக்கும் சிலைகளால் இப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

என் ஐரிஷ் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "பேர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு முகமாவது வேண்டாமா? முதலில் அழ விடு, கணக்கைப் பிறகு பார்க்கலாம்" என்பார். வாதம் நியாயம்தான். ஆனால் அழுது முடித்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கஸ்டம் ஹவுஸ் கீயில் அந்த மனிதர்களுக்கு எதிரே, மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து தானியமும் வெண்ணெயும் கால்நடைகளும் வெளியே போனதை யாராவது செய்து வைக்க வேண்டும். 1847இல் ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகம் என்று வரலாற்று ஆசிரியர்கள் மல்லுக்கட்டுவார்கள். கட்டட்டும். அந்தச் சண்டையையும் சேர்த்தே செய்யலாம்.

நமக்கும் ஒரு பாக்கி உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) தென்னிந்தியாவில் லட்சம் லட்சமாகச் செத்தார்கள், தப்பியவர்களில் பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள், அதாவது கிரெகரியின் தீவுக்கு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரணக் கூலிக்கு வெட்டியது. இப்போது அதன் மேல் பறக்கும் ரயில் ஓடுகிறது. நம் சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் இடம் தேடுகிற வேலையே இல்லை, ஒரு ஸ்டேஷன் சுவர் கொடுத்தால் போதும். ரயில்வேயிடம் யார் கேட்கப் போகிறோம்?