தூக்குவாளியும் ஆளுயரக் கோப்பையும்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் விழாக் கபடிப் போட்டியில், பெண்களுக்கு மட்டும் ஏன் பரிசு குறைவு என்று நான் கேட்டதைப் பற்றி இனி ஒரு வார்த்தையும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு நான் ஊர் விழாவை அசிங்கப்படுத்துவதாக விழாக் குழுவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நான் கபடி ஆடுவதை விட்டுப் பல வருடங்களாகின்றன. அந்தப் பணத்தில் எனக்கு ஒரு ரூபாய்கூட வரப்போவதில்லை என்பதை முதலில் அவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

நோட்டீஸைப் பார்த்தவர்களுக்கு விவரம் தெரியும். ஆண்கள் கபடிக்கு முதல் பரிசு 1 லட்சம் ரூபாயும் ஆளுயரக் கோப்பையும். பெண்கள் கபடிக்கு 20,000 ரூபாயும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளியும். நான் கேட்டது ஒரே கேள்வி. ஊர் ஒன்று, விழா ஒன்று, விரித்த மேட் ஒன்று; பரிசு மட்டும் ஏன் ஐந்தில் ஒரு பங்கு? “தங்கச்சி, பொம்பளப் புள்ளைங்கள விளையாட விடுறதே பெருசு” என்று மேடைக்குப் பின்னால் பதில் வந்தது. விடுவதற்கு அவர்கள் யார் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்கிறீர்கள். இறுதிப் போட்டியை எப்போது வைத்தீர்கள்? மதியம் ஒன்றரை மணிக்கு. ஆண்களுக்கு இரவு எட்டு மணி, சுற்றிலும் விளக்கு, வர்ணனைக்கு வெளியூரிலிருந்து ஆள். அந்த வெயிலில் மேட் அடுப்பில் வைத்த கல்லாகக் காய்ந்தது. இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துக்கொண்டே இருந்தார்கள். ஓரத்தில், கார்னரில் நின்ற பிள்ளை, பாடி வரும் எதிரணி ரைடர் கோட்டைத் தாண்டும் வரை, ஒரு பாதத்தைத் தூக்கி மறு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். ஆட்டம் முடிந்து பார்த்தால் உள்ளங்காலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். வெயில் தாங்காமல் சனம் சாப்பிடப் போனது. உடனே “ஆளே இல்லை பாருங்கள்” என்கிறீர்கள். பந்தியே போடாமல், இலையில் கை நனைக்க ஆள் இல்லை என்று கணக்கு எழுதுவது இதுதான்.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். தொழில்முறைக் கபடி லீக்கான புரோ கபடி 2014-இல் தொடங்கியது. 2016-இல் பெண்களுக்கென்று மூன்றே அணிகளை வைத்து ஒரு பருவம் நடத்தினார்கள். அத்தோடு மூட்டை கட்டியாயிற்று. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-இல் வந்தது, பெண்கள் கபடிக்கு 2010 வரை இருபது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிக் காத்திருந்து உள்ளே வந்த நம் பெண்கள் 2010 முதல் 2023 வரை நடந்த நான்கு போட்டிகளில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் கொண்டுவந்தார்கள். 2018-இல் நம் ஆண்கள் அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியபோதும், பெண்கள் அணி இறுதி ஆட்டம் வரை போனது. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் சீனத் தைபேயை 26-25 என்று ஒரே புள்ளியில் வென்ற ஆட்டத்தைப் பார்த்தவர்கள், பெண்கள் ஆட்டத்தில் விறுவிறுப்பு இல்லை என்று என்னிடம் சொல்ல வர மாட்டார்கள்.

ஆண்களுக்கு ஒரு பாதி 20 நிமிடம், பெண்களுக்கு 15 நிமிடம், குறைவாக ஆடினால் குறைவாகத்தானே பரிசு என்று கணக்குப் படித்த ஒருவர் கேட்டார். அந்த 15 நிமிடத்தை முடிவு செய்தது அந்தப் பிள்ளைகளா? சரி, உங்கள் கணக்குக்கே வருகிறேன். நாற்பது நிமிடத்துக்கு 1 லட்சம் என்றால் முப்பது நிமிடத்துக்கு 75,000 வர வேண்டும். 20,000 எந்த வாய்ப்பாட்டில் வருகிறது? டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட் வரையிலும் பெண்கள் மூன்று செட் வரையிலும் ஆடுகிறார்கள். ஆனாலும் அமெரிக்க ஓப்பன் 1973 முதலும் விம்பிள்டன் 2007 முதலும் இருவருக்கும் சமமாகவே பரிசு தருகின்றன. வெளிநாட்டுக் கதை வேண்டாமா? ஆசிய இளையோர் போட்டியில் கபடிக்காகத் தங்கம் வென்ற கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் வடுவூர் அபினேஷுக்கும் 2025-இல் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. கார்த்திகாவுக்கு ஐந்து லட்சமும் ஒரு தூக்குவாளியும் போதும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

உபயதாரர்கள் ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் தருகிறார்கள் என்பது அடுத்த சமாதானம். ஒருவரிடமாவது கேட்டுப் பார்த்தீர்களா?

இவற்றையெல்லாம் விட என்னை நோகடித்தது, எனக்குக் கபடி சொல்லிக்கொடுத்தவரே தொலைபேசியில் அழைத்து, “இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வருடம் பெண்கள் ஆட்டத்தையே எடுத்துவிடுவார்கள் அம்மா” என்று சொன்னதுதான். அவர் சொல்வது நடக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருட வாய்ப்பு என்னால் போய்விடுமோ என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் ஐயா, நாங்கள் கேட்காமல்தானே இருந்தோம்? பையன்கள் மைதானத்தை விட்டுப் போன பிறகு, கோடு தெரியாத இருட்டில் ஆடினோம். அவர்களுடைய பழைய பனியன்களை ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டோம். போன இடத்தில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, அரையிறுதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு நான் கீழே விழுந்தபோது, “பொண்ணுங்களுக்குத் தெம்பு பத்தாது” என்று மைக்கில் ஒருவர் சொன்னார். நீங்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தீர்கள். அன்று பேசாமல் இருந்து எதைக் காப்பாற்றினோம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் கோபக்காரி, நன்றி இல்லாதவள் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளலாம். நாங்கள் முதல் பரிசு வென்ற வருடம் எனக்குக் கிடைத்த எவர்சில்வர் தட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. அதில்தான் தினமும் சாப்பிடுகிறேன். அதைத் திருப்பிப் பார்த்தால் உபயதாரரின் பெயரும் அவருடைய அப்பா பெயரும் பொறித்திருக்கும். எங்கள் அணியின் பெயர் இருக்காது.