பாட்டி குரலில் டான்ஸ் பாட்டா?

சனிக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரிலேயே தெரியும். மீதிப் பேருக்கு வீடியோ வந்திருக்கும். அதனால் கதை சொல்லப்போவதில்லை.

நான் போட்டது எவ்ரிதிங் பட் தி கேர்ள் என்ற இங்கிலாந்து இருவர் இசைக்குழுவின் ஃப்யூஸ் ஆல்பம், முதல் பாட்டு. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை. "அக்கா, பாட்டி குரல்ல டான்ஸ் பாட்டா?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தீர்கள். இன்னொருவர் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்துக்கொண்டார். ஸ்பீக்கர் என்னுடையது. இதைச் சொல்வது சின்னத்தனம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தப் 'பாட்டி', குழுவின் பாடகி ட்ரேசி தார்னுக்கு 2023இல் இந்த ஆல்பம் வந்தபோது வயது 60. குழுவின் இன்னொருவர் பென் வாட்டுக்கும் அதேதான். 1982இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் படிக்கும்போது சேர்ந்த ஜோடி, பிறகு கணவன் மனைவி. 24 வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து போட்ட ஆல்பம் இது. இடைப்பட்ட காலத்தில் அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. இறங்கியதை மறைக்கவில்லை. அடியில் பேஸ் உறுமுகிறது, பீட் விட்டுவிட்டு நொண்டுகிறது, மேலே அந்தக் கனத்த குரல் தனியாக நிற்கிறது. கால் ஆடுகிறது, தொண்டை அடைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஆடுகிறவனுக்கு மனசு கனக்கக் கூடாது என்று யார் சொன்னது?

1992இல் வாட் சாகக் கிடந்தார். அரிதான நோய். சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்கப்புறம் 1994இல் வந்ததுதான் இவர்களின் மிஸ்ஸிங் என்ற பாட்டு. முதலில் யாரும் பெரிதாகச் சீந்தவில்லை. நியூயார்க்கின் டிஜே டாட் டெர்ரி ரீமிக்ஸ் செய்தார், அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது. அவர் அந்த ஏக்கத்தை எடுத்துவிடவில்லை, அடியில் டிரம்மை வைத்தார், அவ்வளவுதான். உலகமே ஏக்கத்துக்கு ஆடியது. நம் மொட்டைமாடிக்குத்தான் ஆகவில்லை.

"அக்கா, ஜோக் அது." சரி, ஜோக். "ரசனை அவரவர் விருப்பம்." அதுவும் சரி, பிடிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே, வயதை ஏன் இழுக்க வேண்டும்? "ஃப்யூஸில் பாதிப் பாட்டு மெதுவானது, ஆடவே முடியாது." இதில் உண்மை இருக்கிறது, இன்னொரு நாள் பேசலாம். "வென் யூ மெஸ் அப் பாட்டில் குரலை மெஷினில் போட்டு வளைத்திருக்கிறார்களே?" ஆமாம். அதனால் என்ன?

எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது சிலருக்குத்தான் தெரியும். அதுவரை எங்கள் தெரு மார்கழி பஜனையில் மேல் ஸ்தாயி வந்தால் எல்லோரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். இப்போது மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் காற்றுதான் வருகிறது. கூரியர்காரர் போனில் "சார், வீட்ல இருக்கீங்களா?" என்கிறார். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது "இருக்கேன்" என்று மட்டும் சொல்கிறேன். போன மார்கழியில் பஜனைக்குப் போகவில்லை. சுண்டல் மட்டும் வீட்டுக்கு வந்தது.

தம்பிக்கு இது தெரியாது, அவன் மேல் கோபமில்லை. தெரிந்தவர்கள் நான்கு பேர் அங்கே இருந்தீர்கள். நீங்களும் சிரித்தீர்கள். வீடியோவில் தெரிகிறது, நான்கு தடவை பார்த்தேன்.

"ஒரு இங்கிலீஷ் பாட்டுக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். பதில் போட மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை ஸ்பீக்கர் என் வீட்டு ஹாலில் இருக்கும். ஃப்யூஸ் முழுசாக ஓடும், பத்துப் பாட்டும். வருகிறவர்கள் வரலாம். தம்பியும் வரட்டும், அவனுக்கு அடை பிடிக்கும்.