ஷார்ட் டேக் எங்கேயும் போகவில்லை
பிஎச்பி என்ற வலை நிரல் மொழியில் கோட் தொடங்குவதைக் காட்டும் முழு டேக் <?php. அதற்குப் பதில் போடும் <?, மதிப்பை அச்சிடும் <?= போன்ற சுருக்கங்கள்தான் ஷார்ட் டேக். "பிஎச்பி 8-இல் ஷார்ட் டேக் எல்லாவற்றையும் தூக்கிவிட்டார்கள், <?= கூட ஓடாது" என்று ஒருவர் சொல்லியிருப்பது தவறு. 2015-இல் வந்த பிஎச்பி 7.0 நீக்கியது ஏஎஸ்பி (மைக்ரோசாஃப்டின் பழைய வலை நிரல் முறை) பாணி <% டேக்கையும் ஸ்கிரிப்ட் டேக் வழியையும்தான். <?= என்பது 5.4 முதல் எந்த செட்டிங்கையும் சாராமல் ஓடும். பிஎஸ்ஆர்-1 என்ற பிஎச்பி கோடிங் விதிமுறை கூட அதை அனுமதிக்கிறது, டெம்ப்ளேட்டில் தாராளமாகப் போடலாம்.

வெறும் <? தான் தலைவலி. அதுவும் 8-இல் இருக்கத்தான் செய்கிறது. பிஎச்பியின் செட்டிங்குகள் உள்ள ஐஎன்ஐ கோப்பில் ஷார்ட் ஓப்பன் டேக் என்ற செட்டிங் ஆனில் இருந்தால் ஓடும். ஆனால் அப்போது முதல் வரியில் எக்ஸ்எம்எல் அறிவிப்பு (<?xml என்று தொடங்கும் வரி) இருந்தால், அதன் <?-ஐயும் பிஎச்பி தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு பார்ஸ் எரர் (கோடைப் படிக்க முடியாத பிழை) கொடுக்கும். ஆர்எஸ்எஸ் ஃபீடில் (தளத்தின் புதிய பதிவுகளைத் தரும் எக்ஸ்எம்எல் பட்டியல்) அந்த வரியை எக்கோ கட்டளையால் அச்சிடுவது இதற்காகத்தான்.

அப்புறம், ஷார்ட் டேக் போட்டால் பக்கம் எச்டிஎம்எல் வேலிடேட்டரில் (பக்கத்தின் எச்டிஎம்எல் சரியா என்று பார்க்கும் கருவி) ஃபெயில் ஆகும் என்பதும் சரியில்லை. டேக் சர்வரிலேயே முடிந்துவிடுகிறது, வேலிடேட்டர் பார்ப்பது வெளியீட்டை மட்டும்.