முன்னால் நிற்கிற ஆள்

எங்கள் இன்டோர் கோர்ட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை எட்டுப் பேர் ஷட்டில் ஆடுகிறோம். எட்டுப் பேருக்கும் பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கத்தான் ஆசை. நெட்டுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. "நீ முன்னாடி போ", "இல்ல, நீ போ" என்பதிலேயே இரண்டு பாயின்ட் போய்விடும். போன வாரம் ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, ஆண்கள் டபுள்ஸில் இதுவரை ஆடியவர்களில் யார் பெரிய ஆள் என்று பேச்சு வந்தது. ஒருவர் சீனாவின் ஃபூ ஹைஃபெங் என்றார், அந்த ஸ்மாஷுக்காக. இன்னொருவர் கொரியாவின் லீ யோங் டே என்றார். கல்லூரிப் பையன் ஒருவன் இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயா என்றான், அவன் வயசுக்கு அது சரி. நான் அதே இந்தோனேசியாவின் ஹென்ட்ரா செத்தியவான் என்றேன்.

"அவர் என்னங்க பண்ணுவார்? சும்மா நின்னுட்டுதானே இருப்பார்" என்றார்கள். டீ ஆறிப்போனது, விவாதம் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

சும்மா நிற்கிறார் என்று தோன்றுவதில் தப்பில்லை. கேமராவுக்கு அவர் தீனி போடுவதே கிடையாது. கத்த மாட்டார், காற்றில் குத்துவிட மாட்டார், நடுவரிடம் மல்லுக்கு நிற்க மாட்டார். மேட்ச் பாயின்டை வென்றால்கூட, பஸ் நேரத்துக்கு வந்துவிட்டதே என்று நினைக்கும் மனிதரைப் போல ஒரு சின்னச் சிரிப்பு. அவ்வளவுதான்.

ஆனால் டபுள்ஸ் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் நான்கு அடியில் முக்கால்வாசி ஆட்டம் முடிந்துவிடும். சர்வீஸ், அதை எடுப்பது, மூன்றாவது அடி, நான்காவது அடி. இதற்குள் எந்த ஜோடி இறகுப் பந்தை (காக்) மேலே தூக்கிக் கொடுக்கிறதோ அந்த ஜோடி அடி வாங்கும். 2006இல் ஒவ்வொரு ரேலிக்கும் பாயின்ட் என்று 21 பாயின்ட் முறை வந்த பிறகு, சர்வீஸ் கைமாறுவதோடு நிற்பதில்லை, பாயின்டும் சேர்ந்து போகிறது. ஹென்ட்ராவின் ராஜ்ஜியம் இந்த நான்கு அடிதான். ராக்கெட் எப்போதும் நெஞ்சுக்கு மேலேயே இருக்கும். எதிராளி நேர்கோட்டில் வேகமாக (டிரைவ்) அடித்தால் நாமெல்லாம் இன்னும் வேகமாகத் திருப்பி அடிப்போம். அவர் அந்த வேகத்தை உறிஞ்சிக்கொண்டு, எதிரே நிற்கும் இரண்டு பேருக்கும் நடுவில், "நீ எடுப்பாய்" என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் இடத்தில் வைப்பார். பதறிப்போய் ஒருவர் தூக்கிக் கொடுப்பார். பின்னாலிருந்து பார்ட்னர் பறந்து வந்து ஸ்மாஷ் அடிப்பார். கைதட்டல் பார்ட்னருக்கு.

(நானும் ஒருமுறை முயன்று பார்த்தேன். காக் நெற்றியில் பட்டது. அந்தக் கதை வேண்டாம்.)

ஆள் மத்திய ஜாவாவில் இருக்கிற பெமாலாங் என்ற ஊர்க்காரர். பிறந்தது 1984 ஆகஸ்ட் 25. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். முதல் பெரிய பார்ட்னர் மார்கிஸ் கிடோ. இருவருக்கும் வயதில் இரண்டு வாரம்தான் வித்தியாசம். கிடோ துள்ளி எழுந்து அடிப்பவர், இவர் முன்னால் இருந்து வழி செய்து கொடுப்பவர். 2007இல் கோலாலம்பூரில் உலக சாம்பியன். மறு ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியில் எதிரே சாய் யுன், ஃபூ ஹைஃபெங், அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். முதல் செட் 12-21. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள். அடுத்த இரண்டும் 21-11, 21-16. தேதி ஆகஸ்ட் 16. மறுநாள் இந்தோனேசியாவின் சுதந்திர தினம்.

24 வயது முடியும் முன்பே உலகப் பட்டமும் ஒலிம்பிக் தங்கமும். 2010இல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுத் தங்கமும் சேர்ந்தது. அந்த இறுதியில் மலேசியாவின் கூ கியன் கியட், டான் பூன் ஹியோங் ஜோடியிடம் முதல் செட்டை இழந்து, இரண்டாவதை 26-24, மூன்றாவதை 21-19 என்று இழுத்துப் பிடித்தார்கள். அதன் பிறகு சரிவு. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு இந்த ஜோடி தகுதியே பெறவில்லை. இந்தோனேசியாவிலிருந்து போனது முகமது அஹ்சானும் போனா செப்தானோவும். இந்த போனா, கிடோவின் சொந்தத் தம்பி.

இந்தோனேசிய டபுள்ஸ் இப்படித்தான், கூட்டுக் குடும்பம் மாதிரி. 2012 கடைசியில் ஹென்ட்ரா, தம்பியின் பார்ட்னரான அஹ்சானோடு சேர்ந்தார். அண்ணன் கிடோ, மார்கஸ் கிடியோன் என்ற இளைஞனோடு சேர்ந்து 2013 பிரெஞ்சு ஓப்பனை வென்றார். அதே கிடியோன் பிறகு கெவின் சஞ்சயாவோடு சேர்ந்து, ரசிகர்கள் 'மினியன்ஸ்' என்று அழைத்த ஜோடி ஆகி, 2019இல் இறுதிப்போட்டிகளில் ஹென்ட்ராவையே திரும்பத் திரும்பத் தோற்கடித்தார். எங்கள் கல்லூரிப் பையன் கொண்டாடும் மினியன்ஸுக்குப் பின்னாலும் கிடோவின் கை இருக்கிறது. இதை அவனிடம் சொன்னேன், நம்பவில்லை.

அஹ்சானோடு சேர்ந்தபோது ஹென்ட்ராவுக்கு 28 வயது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை, 2013இல் குவாங்சோவில் மறுபடி உலக சாம்பியன். தோற்ற டென்மார்க் ஜோடியில் ஒருவர் மத்தியாஸ் போ, பிற்பாடு நம் இந்திய டபுள்ஸ் ஜோடி சாத்விக்கையும் சிராக்கையும் பயிற்றுவித்தவர். 2014இல் ஆல் இங்கிலாந்து போட்டிப் பட்டமும் ஆசிய விளையாட்டுத் தங்கமும். 2015இல் ஜகார்த்தாவின் இஸ்தோரா சனயன் அரங்கில், சொந்த ஜனங்களுக்கு முன்னால் மூன்றாவது உலகப் பட்டம். இஸ்தோராவில் ஆட்டம் பார்க்காதவர்கள் டிவியிலாவது சத்தத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு அடிக்கும் அரங்கம் முழுக்க "ஏயா... ஏயா" என்று கத்தும். நம்மூர் திருவிழாக் கூட்டமெல்லாம் அதற்குப் பக்கத்தில் அமைதிப் பேரணி.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தோனேசிய ரசிகர்கள் அவரை 'கோ ஹென்ட்ரா' என்பார்கள். கோ என்றால் அண்ணன், சீன வம்சாவளியினரை அழைக்கும் முறை. 1998 மே மாதம் ஜகார்த்தாவில் சீன வம்சாவளியினரின் கடைகளையும் வீடுகளையும் கும்பல் எரித்தது. அதே மாதம் ஹாங்காங்கில் இந்தோனேசியா, ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையை வென்றது, அந்த அணியிலும் சீன வம்சாவளி வீரர்கள் இருந்தார்கள். ஹென்ட்ராவுக்கு அப்போது 13 வயது. அந்தப் பையன் வளர்ந்து, பலெம்பாங்கிலிருந்து வந்த, தொழுகை தவறாத அஹ்சானோடு இத்தனை வருஷம் ஒரே கோர்ட்டில் நின்றிருக்கிறார். அவர்கள் இதைப் பற்றி மேடை போட்டுப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

2016 ரியோ. உலக சாம்பியன்களாகப் போனவர்கள் குரூப் சுற்றையே தாண்டவில்லை. இதை அவர் ரசிகர்கள் மெதுவாக மூடி மறைப்பார்கள். நான் மறைக்கவில்லை, படுமோசமான ஆட்டம். ஜோடி பிரிந்தது. 2017இல் ஹென்ட்ரா தேசிய முகாமுக்கு வெளியே, மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடு சேர்ந்து ஆடினார். ஆமாம், 2010 இறுதியில் தோற்கடித்த அதே டான். இந்தக் கூட்டணிக்குப் பெரிய பட்டம் எதுவும் வரவில்லை. அஹ்சானோ புதுப் பார்ட்னரோடு அந்த வருஷமே உலகப் போட்டி இறுதி வரை போய் வெள்ளி வென்றுவிட்டார். 33 வயதில், பழைய பார்ட்னர் நம்மை விட்டு நன்றாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போல.

2018இல் மறுபடி சேர்ந்தார்கள். அந்த வருஷம்தான் சர்வீஸ் விதியும் மாறியது. சர்வீஸ் போடும்போது தரையிலிருந்து 1.15 மீட்டருக்கு மேல் வைத்துப் பந்தை அடிக்கக் கூடாது. பல பழைய கைகள் திணறின. இருவருமே குழந்தை குட்டிக்காரர்கள், அதனால் ரசிகர்கள் 'டாடீஸ்' என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர் என்று வைத்துக்கொண்டாலும், 2019இல் கேலி செய்ய யாருக்கும் வாய் இல்லை. ஆல் இங்கிலாந்தில் காலில் அடிபட்ட நிலையில் இறுதிக்கு வந்தார் ஹென்ட்ரா. ஆரோன் சியா, சோ வூய் யிக் ஜோடியிடம் முதல் செட் 11-21. ஓட முடியாத மனிதர் ஓடத் தேவையில்லாத இடத்தில் நின்றுகொண்டார், மற்றதை அஹ்சான் பார்த்துக்கொண்டார். 21-14, 21-12.

அந்த ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசலில் உலகப் போட்டி. ஆகஸ்ட் 25 நம்மில் பலருக்கு நினைவிருக்கும், பி.வி. சிந்து ஜப்பானின் ஒகுஹாராவை 21-7, 21-7 என்று தோற்கடித்து உலக சாம்பியன் ஆன நாள். நாம் எல்லோரும் அந்தப் பரவசத்தில் இருந்தபோது, அதே அரங்கில் அதே நாளில் ஹென்ட்ராவும் அஹ்சானும் ஜப்பானின் ஹோக்கி, கோபயாஷி ஜோடியை 25-23, 9-21, 21-15 என்று வென்றார்கள். நான்காவது உலகப் பட்டம். அன்றுதான் அவருக்கு 35 வயது நிறைந்தது.

இனி கணக்கு. ஃபூ ஹைஃபெங்குக்கும் நான்கு உலகப் பட்டம், ஒலிம்பிக் தங்கம் இரண்டு. எண்ணிக்கையில் ஃபூ மேலே, ஒப்புக்கொள்கிறேன். லீ யோங் டேவின் கை ஹென்ட்ராவின் கைக்குச் சளைத்ததல்ல, ஆனால் ஆண்கள் டபுள்ஸில் அவருக்கு உலகப் பட்டம் கிடைக்கவே இல்லை. அப்படியிருந்தும் நான் ஏன் ஹென்ட்ரா என்கிறேன்? முதல் உலகப் பட்டத்துக்கும் கடைசி உலகப் பட்டத்துக்கும் நடுவில் 12 வருஷம். இடையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். பின்னால் நின்று அடித்தவர்கள் மாறினார்கள், எதிரே நின்ற தலைமுறைகள் மாறின. சாய் யுன் காலத்துக்கும் மினியன்ஸ் காலத்துக்கும் ஆட்டத்தின் வேகமே வேறு. அந்த வேகத்துக்கு அவர் கால் ஈடுகொடுக்கவில்லை, கை ஈடுகொடுத்தது. ஸ்மாஷ் முப்பது வயதைத் தாண்டினால் தேயும். எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவு தேயவில்லை.

2021 ஜூன் 14 அன்று, தங்கராங்கில் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தபோதே மார்கிஸ் கிடோ மாரடைப்பில் சரிந்து இறந்தார். 36 வயது. ஆறு வாரத்துக்குள் டோக்கியோ ஒலிம்பிக். ஹென்ட்ராவும் அஹ்சானும் அரையிறுதியில் தைவானின் லீ யாங், வாங் சி லின் ஜோடியிடம் தோற்று, வெண்கலப் போட்டியிலும் மலேசியர்களிடம் தோற்று நான்காவதாக வந்தார்கள். பெய்ஜிங்குக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்க மேடையில் அவர் ஏறவே இல்லை.

அந்த அக்டோபரில் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் தாமஸ் கோப்பை. இந்தோனேசியா 19 வருஷம் கழித்து வென்றது, கேப்டன் ஹென்ட்ரா. ஊக்கமருந்துப் பரிசோதனை அமைப்பு விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்ற தண்டனையால், தேசியக் கொடியை ஏற்ற முடியவில்லை. பேட்மின்டன் சங்கத்தின் கொடியைத்தான் ஏற்றினார்கள். ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்களின் தவறுக்கு, வென்று நின்றவர்கள் அனுபவித்தார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

கோபம் இன்னொன்றும் இருக்கிறது. 1996, 2000, 2008 என்று ஆண்கள் டபுள்ஸில் மூன்று ஒலிம்பிக் தங்கம் எடுத்த நாடு, பாரிஸ் வரைக்கும் நான்காவதை எடுக்கவில்லை. 37, 38 வயது ஹென்ட்ராவும் 34, 35 வயது அஹ்சானும் 2022லும் 2023லும் ஆல் இங்கிலாந்து இறுதிக்குப் போனார்கள், 2022 உலகப் போட்டி இறுதிக்கும் போனார்கள். மூன்றிலும் தோல்வி. 2023இல் அஹ்சான் காலில் அடிபட்டும், பாதியில் கைவிடாமல் கடைசி பாயின்ட் வரை நின்றார்கள். பார்க்க நெகிழ்ச்சிதான். ஆனால் நெகிழ்ச்சிக்குப் பின்னால், இரண்டு அப்பாக்களைத் தாண்டி நம்பிக்கையோடு நிற்க இத்தனை காலம் எடுத்துக்கொண்ட ஒரு அமைப்பும் இருக்கிறது.

நம் ஆட்களிடமும் அவர்கள் தோற்றிருக்கிறார்கள். 2022 ஜனவரி, டெல்லியில் இந்தியா ஓப்பன் இறுதி, சாத்விக்கும் சிராக்கும் 21-16, 26-24. அந்த இரண்டாவது செட்டை அன்று நின்றுகொண்டே பார்த்தேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. ஹென்ட்ரா பெய்ஜிங்கில் தங்கம் வென்றபோது சாத்விக்குக்கு எட்டு வயது.

2025 ஜனவரியில், அதே இஸ்தோராவில், இந்தோனேசியா மாஸ்டர்ஸோடு இருவரும் ராக்கெட்டை வைத்தார்கள். இப்போது ஹென்ட்ரா பயிற்சியாளர். சபார், ரெசா என்ற இந்தோனேசிய ஜோடி ஆடும்போது கோர்ட்டுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முகம் அதே முகம்.

எங்கள் கோர்ட் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2019 பாசல் இறுதியை யூடியூபில் தேடி, முதல் செட்டை மட்டுமாவது பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அஹ்சானையும் பார்க்காதீர்கள். நெட் பக்கத்தில் சும்மா நின்னுட்டிருக்கிற அந்த ஆளின் ராக்கெட் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை டீக்கு நான் காசு கொடுக்கிறேன்.